தட்டு தெரியும் தண்ணீர்

ஓடை டீச்சரை யாரும் டீச்சர் வேலைக்கு எடுக்கவில்லை. ஆற்று ஆய்வு நிலையத்தில் பாட்டில் கழுவத்தான் எடுத்தார்கள். ஆற்றிலிருந்து மொண்டுவந்த தண்ணீரைச் சோதித்து முடித்ததும், அந்தக் கண்ணாடிப் பாட்டில்களை அமிலம் விட்டு அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, கம்பி அடுக்கில் கவிழ்த்துவைக்க வேண்டும். பழைய தண்ணீர் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் அடுத்த சோதனை பாழ். கழுவின ஒவ்வொரு பாட்டிலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திருப்தியானால்தான் அடுத்தது. மனிதர்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். இவருக்குச் சுத்தக் கிறுக்கு. பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பியது என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒரு நாள் ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சுற்றிக்காட்ட வேண்டிய அதிகாரி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பற்றி ஆரம்பித்து, அதைவிட்டு வெளியே வர வழி தெரியாமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி நின்ற வாக்கிலேயே தூங்கினாள். அந்த நேரம் பார்த்து அதிகாரிக்கு ஒரு ஃபோன் வந்தது. "இவங்களைக் கொஞ்சம் பின்னாடி கூட்டிட்டுப் போய் ஓடையைக் காட்டுங்களேன்" என்று, பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நிலையத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு ஓடை போய் ஆற்றில் சேர்கிறது. அன்றைக்கு அதை ஓடை என்று சொல்லவே வாய் கூசும். டயர், கிழிந்த மெத்தை, உடைந்த நாற்காலி, பிளாஸ்டிக் பை என்று ஊரார் தங்களுக்கு வேண்டாததையெல்லாம் அதில்தான் போட்டார்கள். டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் தட்டை எடுத்துவந்து, விளிம்பில் இருந்த ஓட்டையில் கயிறு கட்டி, தண்ணீருக்குள் இறக்கினார்.

"தட்டு தெரியுதா?"

"தெரியல!"

"நல்லாப் பாருங்க. கண்ணைக் கசக்கிட்டுப் பாருங்க."

"தெரியவே இல்ல!"

"அப்ப ஓடை பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயிலு!" என்று கத்தினார்கள். தூங்கினவளும் எழுந்து கத்தினாள். தங்களைத் தவிர இன்னொன்று ஃபெயிலாவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு எப்போதுமே ஒரு தனி சந்தோஷம். பஸ் ஏறும்போது, "ஓடையைப் பாஸ் பண்ண வைக்க நாங்க வரலாமா டீச்சர்?" என்று கேட்டார்கள். டீச்சர் என்று அவரை முதன்முதலாகக் கூப்பிட்டது அவர்கள்தான். பேர் ஒட்டிக்கொண்டது.

அப்படி ஆரம்பித்ததுதான் சனிக்கிழமைச் சுத்தம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு வாரியோடு பிள்ளைகள் இறங்குவார்கள். டயர் போனது, மெத்தை போனது, பிளாஸ்டிக் போனது. அதுவரை செய்தது அத்தனையும் நல்ல காரியம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் கைகள் பழகிவிட்டன. சனிக்கிழமை வந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமே. விழுந்து கிடந்த மரங்களை இழுத்தார்கள். கோரையைப் பிடுங்கினார்கள். அடியில் கிடந்த சருகையும் சேற்றையும் வாரிக் கரையேற்றினார்கள். "கட்டை கிடந்தா இழு, சருகு விழுந்தா வாரு" என்று டீச்சர் கட்டிக்கொடுத்த வரியைப் பாட்டாகப் பாடிக்கொண்டே செய்தார்கள். கடைசியில் ஒரு நாள் தட்டை இறக்கினால், அடியில் மணல்மேல் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. "பாஸ்!" என்று எழுந்த சத்தத்தில் பக்கத்துப் பட்டறையில் வேலை செய்தவர்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு டீச்சரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களும் வந்தன. நிலையமும் பாட்டில் கழுவுவதற்கு வேறு ஆளைப் போட்டு, இவருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் 'கல்விப் பிரிவு' என்று ஒரு பலகையும் கொடுத்தது. கையில் தட்டோடு அவர் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி நடைவழியில் மாட்டியது. அந்தப் படத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்ப்பதுபோல நடப்பார். ஓரக்கண்ணால் பார்க்காமல் போனதில்லை.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சு வந்தது, போனது, அவ்வளவுதான். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. கீழே அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு டீச்சர் வைத்த பேர் வாலு. வால்தனம் பண்ணுவதால் அந்தப் பேர் என்று அண்ணன் நினைத்தார். எங்கே போனாலும் அத்தைக்குப் பின்னாலேயே வால்போல வருவதால்தான் டீச்சர் அப்படிக் கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் முதலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பது அவள்தான். பெரிய பிள்ளைகள் இழுக்க முடியாத கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அத்தைபோலவே இடுப்பில் கையை வைத்து அதட்டுவாள். பள்ளிக்கூடத்தில் யாராவது எதையாவது சொன்னால், "எங்க அத்தை அப்படிச் சொல்லல" என்று விவாதத்தை முடித்துவைப்பாள். அத்தை சொல்லாதது அவளுக்கு உண்மையே அல்ல. பெற்றவர்களுக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை. அண்ணி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் முழுக்கச் சிரிப்பாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது.

வாலு வளர்ந்து பொறியியல் கல்லூரிக்குப் போனாள். அந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்குப் புழு மேடம் மாற்றலாகி வந்தார். தண்ணீருக்கு அடியில் வாழும் சின்னச் சின்ன உயிர்களை ஆராய்கிறவர். பிள்ளைகள் வைத்த பேரைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதைவிடப் பொருத்தமான பட்டம் எனக்குப் பல்கலைக்கழகத்துலகூடக் கிடைக்கல" என்றார். அதிர்ந்து பேச மாட்டார். கைவலையும் வாளியும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்.

ஒரு மத்தியானம் டீச்சரின் மேசைக்கு வந்து, "கொஞ்சம் லேபுக்கு வர்றீங்களா?" என்று கூப்பிட்டார். அங்கே இரண்டு பிளாஸ்டிக் ட்ரேக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் சுத்தமான தண்ணீர், கொஞ்சம் மணல், ஓரமாக ஏதோ ஒரு பூச்சி. மற்றதில் கலங்கல் தண்ணீர். டீச்சர் முதலில் முகத்தைச் சுளித்தார். குனிந்து பார்த்தபோது அந்தக் கலங்கல் முழுக்க அசைந்தது. தும்பியின் இளம்புழுக்கள், நத்தைகள், நீர்வண்டுகள், கண் மட்டுமே தெரிகிற மீன்குஞ்சுகள்.

"இது எங்கேருந்து எடுத்தீங்க?"

"பழைய ஷெட்டுக்குப் பின்னாடி. கம்பிவேலி இருக்கே, பிள்ளைங்க போகாத இடம்."

"அந்தக் குப்பையிலயா?"

"அது குப்பை இல்ல டீச்சர். சருகு அழுகினாத்தான் இதுங்களுக்குச் சாப்பாடு. மரம் விழுந்து கிடந்தாத்தான் தண்ணி நிதானமாப் போகும், குஞ்சுங்களுக்கு ஒளிஞ்சுக்க இடம் கிடைக்கும்."

டீச்சர் முதல் ட்ரேயைக் காட்டினார். கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டது. "இது?"

"இது நம்ம சனிக்கிழமை இடம். வீட்டைச் சுத்தம் பண்றோம்னு அடுப்பையும் கட்டிலையும் சேர்த்து வெளிய தூக்கிப் போட்டுட்டோம்."

போட்டுட்டீங்க என்று சொல்லாமல் போட்டுட்டோம் என்று சொன்னது மேடத்தின் பெருந்தன்மை. அது டீச்சருக்குப் புரிந்தது, புரிந்ததால் இன்னும் எரிந்தது. "ஒரு ட்ரேயை வச்சு ஊரையே அளந்துடுவீங்களா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சில நாள் மேடத்தோடு பேசவில்லை. எதிரே வந்தால் கையிலிருக்கும் தாளைப் படிப்பதுபோல நடந்தார்.

ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் யாருக்கும் சொல்லாமல் கைவலையோடு போய், சனிக்கிழமை இடத்தில் நீளத்துக்கும் வலையை இழுத்தார். மணல் வந்தது. இன்னொரு தடவை, மணல். பிறகு வேலியில் ஒரு கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்து ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை இழுத்தார். வலையைத் தூக்கும்போதே துள்ளியது. அங்கேயே கரையில் உட்கார்ந்தார். தன் கையாலேயே ஒரு ஓடையைத் துடைத்துப் போட்டிருக்கிறோம், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு, பிள்ளைகளை வைத்து. பயங்கரமாக வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் மேடத்திடம் போய், "என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றார். அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நம் ஆட்களில் அந்த அளவுக்குக்கூட வருகிறவர்கள் குறைவு.

இரண்டு பேரும் சேர்ந்து ஓடையில் ஆள் அதிகம் வராத வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வெட்டிப்போட்ட மரங்களைக் கொண்டுவந்து குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தார்கள். கோரைக் கிழங்கை நட்டார்கள். சருகு மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். குப்பை அள்ளிய கையால் குப்பை கொட்டுவதற்கு டீச்சருக்கு ஆரம்பத்தில் உடம்பெல்லாம் கூசியது. வருஷங்கள் ஆயின. வளைவு கலங்கியது, இருண்டது, அடர்ந்தது. தும்பிகள் வந்தன. மீன்குஞ்சுகள் வந்தன. கடைசியாக, நெற்றியில் சிவப்புப் பட்டையோடு ஒரு தாழைக்கோழி கோரைக்குள் கூடு கட்டியது. அதைப் பார்த்த அன்று டீச்சர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

எல்லாம் சரி. செய்யாதது ஒன்றே ஒன்று. தான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமைச் சுத்தத்தை நிறுத்தியபோது ஏன் என்று கேட்டார்கள். "முழங்கால் வலி. தண்ணியில நிக்க முடியல" என்றார். முழங்கால் கல்லுபோல இருந்தது, ஒரு வலியும் கிடையாது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ட்ரேயைக் காட்டிப் பாடம் நடத்தினார். நடைவழிப் படத்தைக் காட்டி அவர்கள் கேட்டால், "அது அந்தக் காலம்" என்று அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்விடுவார். பழைய பிள்ளைகளோ ஊர் முழுக்க இருந்தார்கள், பார்க்கிற இடத்தில் "டீச்சர், தட்டு!" என்று கும்பிட்டார்கள். அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? புகழை ஏற்றிக்கொள்வது சுலபம், இறக்கிவைப்பதற்குத்தான் ஆள் கிடைக்காது. மெல்ல மெல்லச் சொல்லிக்கொள்ளலாம், சமயம் வரட்டும் என்று தள்ளிப்போட்டார்.

புழு மேடம் ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் கேட்டார். "வளைவுல ஒரு போர்டு வைக்கணும் டீச்சர். தெரியாதவங்க பாத்தா யாரும் கவனிக்காம விட்ட இடம்னு நினைப்பாங்க."

"வைக்கலாம், வைக்கலாம். என்ன எழுதுறதுங்கிறது சரியா அமையட்டும்."

எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சிக்கல். இங்கே ஏன் கட்டையும் சருகும் கிடக்கின்றன என்று எழுதினால், அங்கே ஏன் எடுத்தோம் என்றும் எழுத வேண்டும். போர்டு வரவே இல்லை.

வாலு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அத்தையின் முழங்காலுக்கு மருந்து வாங்கிவருவாள். மாடி அறையில் கட்டிலில் உட்காரவைத்து, தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு, காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிடுவாள். "வலிச்சா சொல்லுங்க அத்தை." "இல்லம்மா, இப்ப பரவால்ல." ஒரு பொய் சொன்னால் அதற்குக் காலையும் நீட்ட வேண்டியிருக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் ஒவ்வொரு தடவையும் நினைப்பார். குனிந்திருக்கும் அந்தத் தலையைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விடும். அந்தத் தலைக்குள் தனக்கு இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறெங்கும் அவருக்கு அப்படி ஒரு இடம் கிடையாது.

படிப்பு முடிந்து அவள் நகராட்சியில் பொறியாளராகச் சேர்ந்தாள். முதல் நாளே ஃபோன் பண்ணினாள். "அத்தை, கேட்டீங்களா? எனக்கு ஓடை, கால்வாய்ப் பிரிவு கொடுத்திருக்காங்க! உங்க தட்டுப் பரீட்சையைப் பத்தி மீட்டிங்ல சொன்னேன். எல்லாரும் அசந்துட்டாங்க."

இதுதான் சமயம் என்று டீச்சருக்குத் தெரிந்தது. இதைவிட நல்ல சமயம் வரப்போவதில்லை என்றும் தெரிந்தது. வாயைத் திறந்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"சாப்பிட்டேன் அத்தை. என்ன, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம் இல்லாம என்ன?" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

டீச்சர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. அதற்கு முந்தின வாரம் வாலு தன் அப்பாவிடம் ரகசியமாக ஏதோ பேசினாள். அண்ணன் டீச்சரிடம் வந்து, வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றார். நடிக்கத் தெரியாத மனிதர், சொல்லும்போதே முகம் மலர்ந்திருந்தது. டீச்சர் கவனிக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அவர் திடகாத்திரமாக வாசலில் நின்று வரவேற்றார். புழு மேடமும் அந்த வாரம் ஆற்றின் மேற்பகுதியில் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். வளைவின் கதை தெரிந்த இரண்டு பேரும் ஊரில் இல்லை.

திரும்பி வந்த சனிக்கிழமை காலையில், வாலு காரோடு பஸ் நிலையத்தில் நின்றாள். வீட்டுக்குப் போகாமல் நேரே நிலையத்துக்கு ஓட்டினாள். பின்சுவர்க் கதவருகே வந்ததும், "கண்ணை மூடுங்க அத்தை" என்று பின்னாலிருந்து தன் இரண்டு கைகளாலும் பொத்தினாள். நடத்திக்கொண்டு போனாள். நிறையப் பேர் இருப்பதும் சிரிப்பை அடக்குவதும் கேட்டது. ஈரமண் வாசனை வந்தது, புதிதாகத் தோண்டிய மண்.

கையை எடுத்தாள்.

வளைவு இல்லை. வளைவு இருந்த இடத்தில் ஓடை நேராகப் போனது. இரண்டு கரையும் சீவிவிட்டதுபோலச் சரிவாக, வழவழவென்று இருந்தன. ஒரு கோரை கிடையாது. மரங்கள் லாரியில் அடுக்கிக் கயிறு கட்டியிருந்தன. அதன் பக்கத்தில் மஞ்சள் பொக்லைன், கழுவித் துடைத்து, முன்னால் ஒரு மாலையோடு நின்றது. பழைய பிள்ளைகள் பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளோடு வந்து கரை நெடுக நின்றார்கள்.

"டீச்சருக்கு முழங்கால் முடியாமப் போனதால இந்த ஒரு இடம் மட்டும் விட்டுப்போச்சு" என்று வாலு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவங்க ஆரம்பிச்சதை நாம முடிச்சு வச்சிட்டோம்." பழைய எனாமல் தட்டை எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறாள். கயிற்றைப் பிடித்து இறக்கினாள். தட்டு அடிமணலில் போய்ப் பளிச்சென்று உட்கார்ந்தது. "பாஸ்!" என்று ஊரே கத்தியது. நாற்பது வயசு மனிதர்கள் குதித்தார்கள்.

டீச்சரின் கண்கள் கூடு இருந்த மூலையைத் தேடின. அந்த மூலையே இல்லை. எதிர்க்கரையில், வெறும் மண்மேல், ஒரு தாழைக்கோழி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் போகும், நிற்கும், திரும்பி வரும். குஞ்சு பொரிக்கும் பருவம் அது.

"எப்படி இருக்கு அத்தை?"

அவள் முகத்தில் அவ்வளவு ஆசை. "நல்லா இருக்கும்மா" என்றார் டீச்சர். கண்ணில் நீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்போதுதான் புழு மேடம் வந்து சேர்ந்தார். கணக்கெடுப்பிலிருந்து நேராக, சேறு காயாத பூட்ஸோடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றார். வாலுவிடம் திரும்பி, "யார் சொல்லி இதைச் செஞ்சீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"யாரும் சொல்லல மேடம். அத்தை சின்ன வயசுலேருந்து சொல்லிக்கொடுத்ததுதானே?"

மேடம் டீச்சரைப் பார்த்தார். "நீங்க இன்னும் இவங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். வாலுவுக்கு மட்டும் ஏதோ தட்டுப்பட்டது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு லாரியின் மறுபக்கம் போனாள்.

"என்ன சொல்லல அத்தை?"

டீச்சர் சொன்னார். ட்ரேக்களைச் சொன்னார், தனியாகப் போய் வலை இழுத்ததைச் சொன்னார், அந்த வளைவை உண்டாக்கினதைச் சொன்னார். லாரியில் இருந்த கட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டையின் பட்டைக்குள் நத்தைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. வாலு அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீ காலேஜ்ல படிக்கிறப்ப."

"அப்ப நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ஃபோன் பண்ணினேனே..."

"தெரியும்மா."

"இதுக்கு முன்னாடி ஆறு ஓடை முடிச்சிருக்கேன் அத்தை. ஆறுலயும் உங்க தட்டை வச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஆறு ஓடை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆறிலும் என்னென்ன இருந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"முழங்கால்?" என்று கேட்டாள் வாலு.

டீச்சர் குனிந்துகொண்டார்.

"நான் தேய்ச்சுவிட்டேனே அத்தை" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "தப்பா சொல்லிக்கொடுத்தது பரவால்ல. அப்ப உங்களுக்கே தெரியாது. தெரிஞ்சப்புறம்..." மேற்கொண்டு சொல்லாமல், லாரி டிரைவரைக் கூப்பிட்டு, கட்டைகளை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே இறக்கிவிடுங்கள் என்றாள். அடுத்த வாரம் ஆரம்பிக்க இருந்த இன்னொரு ஓடை வேலைக்கு ஃபோன் பண்ணி நிறுத்தச் சொன்னாள். அதையெல்லாம் நிதானமாகச் செய்தாள். நல்ல பொறியாளர்.

கத்தியிருந்தால் தேவலை என்று டீச்சர் பின்னால் பல நாள் நினைத்தார். சண்டை போட்டு, மாடிப் பக்கமே வராமல் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருக்கலாம். வாலு வந்தாள். முன்போலவே வந்தாள், முன்போலவே "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். அண்ணன் அண்ணிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டீச்சர் மட்டும் பழைய மாணவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் அதற்கென்ன டீச்சர் என்றார்கள், ஒருவர் நம்பவே இல்லை. சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதுதான் அவரை மிகவும் வருத்தியது. இவ்வளவு லேசான காரியத்தையா அத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தோம் என்று தோன்றியது.

வளைவை மறுபடி உண்டாக்கும் வேலை நடக்கிறது. ஓய்வு பெற்றவர் என்றாலும் டீச்சர் போகிறார், மேடம் வருகிறார், வாலு விடுமுறை நாளில் ஆட்களோடு வந்துவிடுகிறாள். தாழைக்கோழி அந்த வருஷம் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

போன வாரம் பெரிய மரம் ஒன்றைக் கயிறு கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று இடத்தைப் பார்த்தார். "இதைக் கொஞ்சம் குறுக்கா போட்டா தண்ணி இந்தப் பக்கம் தேங்கும். குஞ்சுங்க நிக்கிறதுக்கு இடம் ஆகும்" என்றார்.

"சரி அத்தை" என்றாள் வாலு.

ஆனால் கயிற்றை இழுக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றுகொண்டு, கரைமேல் இருந்த புழு மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், அத்தை சொல்றது சரியா?"

மேடம், டீச்சர் இருந்த பக்கம் பார்க்கவில்லை. "சரிதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் வாலு இழுக்க ஆரம்பித்தாள்.